வேலன் ஏன் கலபதியின் பெயரைச் சொல்லவில்லை

என்னங்க,

நான்தான். இருந்த காலத்திலேயே இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். என்னங்க! கேட்கிறதா?

இது உங்களுக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. உங்கள் கப்பல் தொடர் வந்த அதே செயலியில், அதே பக்கத்தில் இதைப் போடப்போகிறேன். உங்கள் வாசகர்கள், முக்கியமாக அந்த வாசகிகள், ஒருத்தர் விடாமல் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆவணி வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். பின்னால் நிற்கிற முருங்கை இந்த வருஷம் கொட்டுகிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை. பாப்பா சென்னையிலிருந்து அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறாள். உங்கள் ஹெல்மெட்டை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆடியில் உங்கள் தலைத் திவசம் வருகிறது. வேலு அண்ணன் வரமாட்டேன் என்கிறார்.

ஆமாம், உங்கள் ரிலீவர் வேலுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மிஷினில் ஒருவர் ஷிப்ட் முடிந்ததும் அடுத்து ஏறுகிறவர்தான் ரிலீவர். அவர் வந்தால்தான் இவர் இறங்கலாம். உங்கள் இருவருடைய சிநேகமும் அந்த ஷிப்ட் மாறுகிற சில நிமிஷத்தில் வளர்ந்தது. "சத்தம் ஒரு மாதிரியா வருது, பாத்துக்கடா." "சரிடா." இவ்வளவுதான் பேச்சு. லீவு நாளில் வீட்டுக்கு வந்தாலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். காபி கொடுக்கிற எனக்குத்தான் வாய் வலிக்கும்.

அவர் வீட்டில் நீங்கள் கை நனைத்ததற்காக உங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தும் உங்களோடு பேசாமலே ஊர் திரும்பினார்கள். அப்போதும் பிளாக்கில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நீங்கள் இருந்தீர்கள், "போங்கல வேலையப் பாத்துட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். இப்போது பேசுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

திருச்செந்தூரில் முழுக்குப் போட்டதும், கடலூர் கடற்கரையில் பாப்பாவுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்ததும் தவிர உங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சோழர் காலத்துக் கப்பற்படை என்று ஆரம்பித்துவிட்டீர்கள். "மிஷின் மேல ஏறி உக்காந்தா கப்பல்ல உக்காந்த மாதிரிதாம்ட்டி" என்பீர்கள். உங்களுக்குப் போனில் தமிழ் அடிக்க வராது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு அடிப்பேன். பி.ஏ. தமிழ் முடித்த கையோடு கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, இத்தனை காலம் புளி கரைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒற்றுப் போட ஓர் இடம் கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

கலபதிக்கு, அதாவது கப்பல் தலைவனுக்கு, உங்கள் பெயரையே வைத்துக்கொண்டீர்கள். துணைக் கலபதிக்கு வேலன் என்று பெயர். முன்பக்கத்தில் "என் ரிலீவர் வேலுவுக்கு" என்று போடச் சொன்னீர்கள், போட்டேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே கலபதியின் மனைவியைக் காய்ச்சலில் சாகடித்தீர்கள்.

"எதுக்கு அவளைக் கொல்லுதீங்க? பாவம், ரெண்டு வரிதான் பேசியிருக்கா."

"அவ இருந்தா கப்பல் கிளம்பாதுல்லா. அடி."

அடித்தேன். என் சாவை நானே ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

நீங்கள் போன பிறகுதான், பாதியில் நின்ற அந்தக் கதை பிய்த்துக்கொண்டு போயிற்று. கருத்து எழுதுகிற இடத்தில் ஒரு பெண், "நாங்க எல்லாரும் கலபதியையும் வேலனையும் ஷிப் பண்றோம்" என்று போட்டிருந்தாள். நெய்வேலியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றும்? 'ட்' என்கிற எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். "சகோதரி, ஷிப்ட் என்று வர வேண்டும். ஆனால் சோழர் காலத்தில் ஷிப்ட் கிடையாது, யாமம் என்பார்கள்" என்று பொறுப்பாகப் பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து கொட்டின. பாப்பா போன் பண்ணி, "அம்மா, உனக்குக் கோடிப் புண்ணியம், அதை முதல்ல அழி" என்று கத்தினாள்.

பிறகு அவளே விளக்கினாள். ஷிப் என்றால் ஜோடி சேர்ப்பது. கதையில் வருகிற இரண்டு பேரைக் காதலர்களாக வைத்துப் படிப்பது, அவர்களை வைத்துப் புதிதாகக் கதையும் எழுதுவது. உலகம் முழுக்க இப்படிப் படிக்கிறவர்கள் உண்டாம். அதுவும் அந்தக் காலத்துக் கப்பற்படை அதிகாரிகள் கதை என்றால் விடவே மாட்டார்களாம். "மாசக்கணக்கா ஒரே கப்பல்ல இருக்காங்க, ஒருத்தருக்காக ஒருத்தர் சாகத் தயாரா இருக்காங்க, பொம்பளை வாடையே இல்ல. வேற என்னம்மா நினைப்பாங்க?" என்றாள்.

யார் யாரை விரும்பினால் எனக்கென்ன? பாப்பாவின் ஆபீசில் இரண்டு பையன்கள் அப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள். இங்கே வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், தங்கமான பிள்ளைகள். நான் கொதிப்பது அதற்கு இல்லை.

அந்த வாசகிகளுக்கு ஒரு தலைவி இருக்கிறாள். அவள் ஆதாரங்களோடு நீளமாக ஒரு கட்டுரை போட்டாள். "என் மாற்றாள் வராமல் நான் இறங்க மாட்டேன்" என்று வேலன் சொல்வது காதல் சபதமாம். அட கடவுளே, ரிலீவர் வராமல் மிஷினை விட்டு இறங்கினால் சுரங்கத்தில் மெமோ கொடுப்பார்கள்!

அடுத்த ஆதாரம், அவர்கள் எல்லோரும் உருகி உருகி எழுதி, படமாகப் போட்டு, பனியனில்கூட அச்சடித்துக்கொண்டிருக்கிற வரி. வேலன் கலபதியிடம், "தங்கள் காலடி ஓசை எனக்குத் தெரியாதா? இனி என் அறைக் கதவைத் தட்டாதீர்கள்" என்கிறான். ஐயோ, அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாப்பா கைக்குழந்தையாக இருந்த சமயம். பகலெல்லாம் அழுதுவிட்டு அப்போதுதான் கண் அசந்தாள். நீங்கள் வந்து பெல்லை அமுக்கினீர்கள். "உங்க வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? இனிமே பெல்லைத் தொட்டீங்க, அவ்ளோதான்" என்று கத்தினேன். அதைத்தான் இத்தனை வருஷம் கழித்துச் சோழநாட்டுத் தமிழில் போட்டீர்கள்.

அது மட்டுமா? "கரைக்கு வந்தால்தான் மனிதர்போல் பேசுவீர்களா?" என்று வேலன் கோபிப்பது, காய்ச்சலில் கலபதி கஞ்சி வேண்டாம் என்றதும் "வேண்டாமென்றால் நானும் பட்டினி" என்று அடம்பிடிப்பது, எல்லாமே இந்த குவார்ட்டர்ஸ் அடுக்களையில் நான் பேசியது. நீங்கள் சொல்லச் சொல்ல, அது என் பேச்சு என்று தெரிந்தே அடித்தேன். ஒரு நாளாவது, "இது நீ சொன்னதுதாம்ட்டி" என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். சொல்லவே இல்லை.

கடைசி ஆதாரம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. "தொடர் முழுக்கத் தேடிவிட்டேன். வேலன் ஓரிடத்தில்கூடக் கலபதியின் பெயரைச் சொல்லவில்லை. மாலுமிகள் சொல்கிறார்கள், எதிரி சொல்கிறான். வேலன் மட்டும் 'இங்கே பாருங்கள்' என்கிறான், 'கேட்டீர்களா' என்கிறான். தமிழ்நாட்டில் யார் யாருடைய பெயரைச் சொல்ல மாட்டார்கள்? யோசியுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

 கெட்டிக்காரிதான். மோப்பம் சரியாகப் பிடித்துவிட்டு விலாசத்தை மாற்றிவிட்டாள்.

மற்றவர்கள் சொல்கிற இடத்தில் உங்கள் பெயரை அடிக்க எனக்குக் கஷ்டமில்லை. ரேஷன் கார்டு, பேங்க் என்றால் எழுதுகிறேனே. ஆனால் எப்போது என் பேச்சை வேலன் வாயில் வைத்தீர்களோ, அப்போதிலிருந்து அவன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் விரல் வரவில்லை. நீங்கள் பெயரைச் சொல்வீர்கள், நான் "இங்கே பாருங்கள்" என்று அடிப்பேன். ஒரு நாள் வாசித்துக் காட்டும்போது கண்டுபிடித்தீர்கள்.

"ஏட்டி, வேலன் என்ன இம்புட்டு மரியாதையாப் பேசுதான்?"

"துணைக் கலபதி பின்ன எப்படிப் பேசுவான்? வாடா போடாம்பானா?"

"சரி, கிடக்கட்டும்" என்று திரும்பிப் படுத்துவிட்டீர்கள்.

அந்தத் தலைவி அத்தோடு விடவில்லை. முன்பக்கத்தில் வேலு அண்ணன் பெயரைப் பார்த்துவிட்டு, உங்கள் பழைய படம் ஒன்றையும் தேடி எடுத்துவிட்டாள். மிஷின் முன்னால் இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு, தோளில் கை போட்டு நிற்கிற படம். அதற்கு மாலை வரைந்து, இதயம் வரைந்து போட்டாள். "கதையில் மனைவி வெறும் திரை. நிஜத்திலும் அப்படித்தான் இருந்திருப்பார், பாவம் அந்த அம்மா" என்று கீழே ஒரு குறிப்பு. நான் திரையாம். பாவமாம்! உங்களோடு குடித்தனம் செய்தது நானா, அவளா?

படம் டவுன்ஷிப் முழுக்கச் சுற்றியது. கோயிலில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா, இத்தனை வருஷத்துல உங்களுக்குச் சந்தேகமே வரலியா?" என்று கேட்டாள். "உன் வீட்டுக்காரர் தினம் யார்கூட கேரம் ஆடுறார்னு மொதல்ல போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னால் வாயாட முடியும். வேலு அண்ணனுக்கு முடியுமா? பஸ் ஸ்டாண்டில் சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளிப் பையன்கள், "என்னா துணைக் கலபதி, தனியாப் போறீங்க?" என்று விசிலடித்திருக்கிறார்கள். அன்றையிலிருந்து அவர் இந்தப் பக்கமே வருவதில்லை. உங்கள் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்த மனுஷன்.

போன வாரம் நானே பஸ் ஏறிப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு அவர் குள்ளஞ்சாவடிப் பக்கம் சொந்த ஊரிலேயே வீடு கட்டியிருக்கிறார். அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

"வெயில்ல வந்துகினு... ஒரு போன் பண்ணக்கூடாதாம்மா?"

"போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறீங்களே அண்ணே. தெவசத்துக்கு நீங்க வரணும்."

"எப்டிம்மா வர்றது? அவன் படத்துக்கு முன்னால நான் கும்புட்டுகினு நின்னா அதையும் போட்டோ புடிச்சிப் போடுவானுங்க. எங்க வூட்டுக்காரி ஒரு வாரமா சோறு திங்கல."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அதில் பேசுவது நீங்கள் இல்லை அண்ணே, நான். பெயர் சொல்லாதது நான். கதவைத் தட்டாதே என்றது நான். இதை அந்தப் பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டால் ஒரே நாளில் எல்லார் வாயும் அடைந்துவிடும். உங்கள் பெயர் சுத்தமாகிவிடும் என்று சொன்னேன். பெல் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். பிறகுதான் கேட்டார்.

"அப்ப நான் எங்கம்மா இருக்கேன் அதுல?"

 "புயல்ல கடல்ல விழுந்தவரைக் கயிறு கட்டி இழுத்தது நீங்கதானே அண்ணே. அன்னைக்கு மழையில சேத்துல சிக்கினவரை இழுத்தீங்களே" என்றேன்.

"அது ஒரு அத்தியாயம்தான்மா."

அவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதையைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். "அவன் எங்கிட்ட என்னா பேசியிருக்கான்? மிஷினப் பத்திப் பேசுவான். செத்தப்புறம்தான், ஐயோ மனசுல இவ்ளோ வச்சிகினு இருந்தானேன்னு தெரிஞ்சிது. எங்கிட்ட பேசாததெல்லாம் வேலன்கிட்ட பேசியிருக்கான்னு நெனச்சிகினு கெடந்தேன்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். நீங்க இத வெளிய சொல்லாதீங்கம்மா. உங்களக் கேட்டுக்கறேன்."

கேட்டீர்களா? ஊர் முழுக்க விசிலடித்தாலும் பரவாயில்லை, உங்கள் கதையில் தன் இடம் போய்விடக் கூடாது என்கிறார். இப்படி ஒரு சிநேகிதன் உங்களுக்கு. எந்த வாசகி இதைக் கண்டுபிடித்து எழுதினாள்?

திரும்பி வரும்போது வடலூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை. வர வர உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. அவர் கையை எடுத்தீர்கள், என் வாயை எடுத்தீர்கள். இரண்டையும் ஒட்டி ஒரு வேலனைச் செய்து, அவனோடு கப்பல் ஏறிப் போய்விட்டீர்கள். நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக உங்களுக்குப் போதவில்லையா? அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம், வாயிலிருந்து முத்தா உதிர்ந்துபோயிருக்கும்? என் வார்த்தை என்று என்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாமே? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆளைப் பங்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர் எடுத்தால் எனக்கு இல்லை, நான் எடுத்தால் அவருக்கு இல்லை.

நான் எடுக்கப்போகிறேன். உங்கள் அம்மா பேச்சுக்கு விட்டுக்கொடுத்தேன், பாப்பா படிப்புக்கு விட்டுக்கொடுத்தேன், உங்கள் கப்பல் கிளம்ப வேண்டும் என்று செத்தும் கொடுத்தேன். இந்த ஒன்றை என்னால் விட முடியாது. வாசகிகளே, உங்கள் நெஞ்சைத் தொட்ட அந்தப் பேச்செல்லாம் காதல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பேசியவள் நான். திரை இல்லை.

அண்ணனுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று, எழுதியதை நேற்று சாயங்காலம் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன்.  லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் கேட்டேன். கடைசியில், "போடுங்கம்மா. உங்களுது உங்களுக்கு" என்றார். "அப்ப தெவசத்துக்கு வருவீங்கல்ல அண்ணே?" என்றேன். "இல்லம்மா" என்று வைத்துவிட்டார்.

உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்த மாதிரி, அவர் வருவார் என்றும் இனிக் காத்திருக்க முடியாது. சரி. இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. திவசத்தன்று இலை போட்டு, படைத்து, காக்கைக்கு வைத்ததும், வேறு யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால் தூக்குவாளியோடு குள்ளஞ்சாவடிக்குப் போவேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நிற்பேன். அவர் என்னை ஏசட்டும். இத்தனை வருஷமாக உங்களிடம் பேசாததையும் சேர்த்து என்னை ஏசட்டும். நீங்கள் பாதியில் விட்ட கதையை நான்தான் முடிக்கப்போகிறேன். வேலனுக்கு இனி என் பேச்சு கிடையாது. அன்று அண்ணன் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போடுவேன்.

இப்படிக்கு,
மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகும் உயிரோடிருக்கிற
உங்கள் மனைவி
செண்பகம்